திருத்துவதா, மாற்றுவதா? மாரிக்கு முன் போடவேண்டிய வீட்டுக் கணக்கு

புரட்டாதி பிறந்துவிட்டால் கூரையைப் பார்க்கவேண்டும் என்பது எமது வடக்கு, கிழக்குக் கிராமங்களில் ஒரு காலத்தில் எவரும் சொல்லித்தரத் தேவையில்லாத வழக்கமாக இருந்தது. கிடுகு வீடாயின் உக்கிய கிடுகை இறக்கிவிட்டுப் புதிதாக வேய்வார்கள். ஓட்டு வீடாயின் ஒருவர் மேலே ஏறி உடைந்த ஓட்டை மாற்றி, பனஞ்சிலாகையில் கறையான் பிடித்துள்ளதா என்று தட்டிப் பார்ப்பார். வேலி அடைப்பதும் கிணறு இறைப்பதும் வளவு வாய்க்காலை வெட்டிவிடுவதும் அதே நாட்களில் நடந்து முடியும். ஐப்பசி மழை இறங்கும்போது வீடு அதற்குத் தயாராக இருக்கும். இன்று கிடுகு வீடுகள் அருகிவிட்டன. ஓட்டின் இடத்தைத் தகடும் கொங்கிறீட்டும் பிடித்துள்ளன. வீட்டினுள்ளே குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டரும் சலவை இயந்திரமும் வந்து சேர்ந்துள்ளன. பராமரிக்கவேண்டிய பொருட்கள் பல மடங்காகிவிட்ட நிலையில், மழைக்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் மட்டும் கிடுகோடு சேர்ந்து போய்விட்டதோ என்று எண்ணவேண்டியுள்ளது.

2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் தரைதொட்ட ‘டித்வா’ சூறாவளி நாட்டின் 25 மாவட்டங்களையும் பாதித்து, 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. நேரடிப் பௌதிகச் சேதத்தை 4.1 பில்லியன் அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. மலையகத்தில் லயன்களின் மேல் சரிந்த மண்ணை எந்தக் குடும்பத்தின் முன்னேற்பாடும் தடுத்திருக்க முடியாது என்பதை நாம் முதலிலேயே கூறிவிட விரும்புகின்றோம். அது அரசும் தோட்ட நிர்வாகங்களும் பதில் கூறவேண்டிய விடயமாகும். எனினும், வெள்ளம் வடிந்த பின்னர் சேறு படிந்த வீட்டுக்குள் திரும்பிய ஒவ்வொரு குடும்பமும் ஒரே கேள்வியை எதிர்கொண்டது. குளிர்சாதனப் பெட்டியை உலர்த்தித் திருத்துவதா, எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதா? வீட்டைத் துப்புரவு செய்வதற்கென அரசு வழங்கிய 25,000 ரூபா அந்தக் கேள்விக்குப் பதிலாக அமையவில்லை. அமையவும் முடியாது.

வெள்ளம் வராத வருடங்களிலும் இதே கேள்வி எமது வீடுகளுக்குள் வந்துகொண்டுதான் இருக்கின்றது. மோட்டர் எரிகின்றது, மின்விசிறி சுற்ற மறுக்கின்றது, மின்கட்டணப் பட்டியல் திடீரென ஏறுகின்றது. அந்த வேளையில் அவசரத்தில் எடுக்கப்படும் தீர்மானம் பல குடும்பங்களை ஒரு வருடத்துக்கு மேலாகக் கடனாளியாக்கி விடுகின்றது. எனவே இதனை வெறும் சமையலறைக் கணக்காகக் கொள்ளாது பொதுப் பிரச்சினையாகவும் நோக்கவேண்டியுள்ளது.

மழைக்கு முன்னான வேலைகளை எப்போது தொடங்குவது என்பது அவரவர் வாழும் இடத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரம் ஆகியவற்றுக்கு ஒக்டோபரில் தொடங்கி வடகீழ் பருவக்காற்றோடு நீளும் மழையே பிரதானமானது. கொழும்பு, களுத்துறை, பேருவளை, காலிப் பகுதியினருக்கும் மலையகத்தின் மேற்குச் சரிவினருக்கும் மே மாதத்தில் வரும் தென்மேல் பருவக்காற்றே முதலில் கவனிக்க வேண்டியது. முன்னவர்களுக்கு செப்டெம்பரும் பின்னவர்களுக்கு ஏப்ரலும் ஏணியை எடுக்கவேண்டிய மாதங்களாகும். மழை தொடங்கிய பின்னர் ஏணியை எடுப்பவர் வழுக்கி விழுந்து வைத்தியசாலைக்குச் செல்வதையும் நாம் கண்டிருக்கின்றோம்.

கூரையிலேயே தொடங்குவோம். தகட்டுக் கூரையில் ஒழுக்கு ஏற்படுவது பெரும்பாலும் தகடு பழுதடைந்ததால் அல்ல. ஆணி அறைந்த இடத்திலுள்ள இறப்பர் வாசர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடுவதே காரணமாகும். சில ரூபா பெறுமதியான அந்த வளையத்தை மாற்றினால் போதுமான இடத்தில் முழுத் தகட்டையும் மாற்றச் சொல்லும் மேசன்மாரும் இல்லாமல் இல்லை. அஸ்பெஸ்டஸ் தகடு வேய்ந்த வீட்டினர் இன்னொரு விடயத்தை அறிந்திருத்தல் அவசியம். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகும். தகடு அசையாமல் கூரையில் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. பாசியை அகற்றுவதற்காகக் கம்பித் தூரிகையால் உலர்ந்த நிலையில் உரஞ்சும்போதும், வாளால் அறுக்கும்போதும், உடைத்து எறியும்போதுமே நுண்ணிய இழைகள் காற்றில் கலந்து சுவாசத்துடன் உள்ளே செல்கின்றன. வெடித்த தகட்டைக் கழற்றுவதாயின் நன்றாக நனைத்து, முகக்கவசம் அணிந்து, முழுத் தகடாகவே இறக்கவேண்டும். அந்த நேரத்தில் சிறுவர்களை வளவில் விளையாட விடுதல் ஆகாது.

அடுத்து பீலி. கூரைப் பீலியில் மாவிலையும் வேப்பிலையும் தேங்கினால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பீலியில் தேங்கும் ஒரு கை நீரில் டெங்கு நுளம்பு பெருகும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதுமானதாகும். 2017ஆம் வருடத்தில் இந்நாட்டில் ஏறக்குறைய 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் டெங்கினால் பீடிக்கப்பட்டு, 400க்கும் மேற்பட்டோர் மரணமடைந்தனர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தேங்காய்ச் சிரட்டையையும் ரயரையும் தேடி வளவைச் சுற்றி வருகின்றனர். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் இடத்தைப் பலர் பார்ப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், கொம்பிரசருக்கு அருகில், உருகி வடியும் நீரைத் தாங்குவதற்கு ஒரு தட்டு உள்ளது. சில வகைகளில் அதில் எப்போதும் நீர் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழுவிக் காயவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. வளவின் மூலையில் வாய் திறந்தபடி கிடக்கும் பழைய சலவை இயந்திரத்தின் தொட்டிக்கும் இது பொருந்தும். திருத்தவும் இல்லை, அகற்றவும் இல்லை என்ற நிலையில் விடப்படும் பொருளின் முதற் பயனாளி நுளம்பே.

மின்சாரத்துக்கு வருவோம். இங்கே விடப்படும் தவறுக்கு விலையாக உயிரே போகக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. ‘ட்ரிப் சுவிட்ச்’ என்று நாம் வழக்கமாகக் கூறும் பாதுகாப்பு ஆழியில் பரிசோதனைக்கென ஒரு சிறிய பொத்தான் உண்டு. அதை அழுத்தியவுடன் மின் துண்டிக்கப்படவேண்டும். துண்டிக்கப்படாவிடின் அந்த ஆழி சுவரில் மாட்டிய அலங்காரப் பொருளேயன்றி வேறில்லை. மாதத்துக்கொரு முறை அழுத்திப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் அது பொருத்தப்பட்ட நாளிலிருந்து ஒருவரும் தொட்டதில்லை. மழை நாட்களில் ட்ரிப் அடிக்கடி விழுந்தால் அது ஆழியின் குற்றமென நினைத்து, அதைச் சுற்றி நேரடியாக வயரைக் கொடுத்துவிடும் பழக்கம் எமது ஊர்களில் உண்டு. அவ்வாறு செய்து கொடுப்பவரைக் கெட்டிக்காரர் என்று மெச்சுவோரும் உண்டு. உண்மையில், எங்கோ ஈரம் புகுந்து மின் கசிகின்றது என்ற செய்தியையே அந்த ஆழி எமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. செய்தி கொண்டுவந்தவனின் வாயைப் பொத்திவிட்டால் கசிவு நின்றுவிடாது. மறுநாள் ஈரக் கையுடன் மோட்டர் ஆழியைத் தொடும் தாயோ பிள்ளையோ அதன் விளைவைச் சுமக்க நேரிடும்.

கூரைக்கு மேலுள்ள வயரை எலி கடித்துள்ளதா, வீதிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரில் மரக்கிளை உரசுகின்றதா, புவித்தொடுப்புக் கம்பியின் இணைப்பு துருவேறிக் கழன்றுள்ளதா ஆகிய மூன்றையும் மழைக்கு முன் பார்த்துவிடவேண்டும். மரக்கிளையை நாமே வெட்டாமல் மின்சார சேவை நிலையத்துக்கு அறிவிப்பதே முறையாகும். ஒரு பிளக் பொயின்ரில் நான்கு உபகரணங்களைத் தொங்கவிடும் வழக்கத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டிய தேவையில்லை. கருகிய பிளக்கின் மணம் எல்லா வீட்டினருக்கும் பழக்கமானதே.

வெள்ளம் புகுந்த வீட்டைப் பொறுத்தவரை முதலாவது விதி எதையும் போட்டுப் பார்க்காதிருப்பது. ‘வேலை செய்கின்றதா என்று ஒருமுறை பார்ப்போம்’ என்ற ஆவலே திருத்தக்கூடிய பொருளையும் எரித்துவிடுகின்றது. பிரதான ஆழியை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, மின்னியலாளர் ஒருவர் வயரிங்கைப் பரிசோதிக்கும்வரை காத்திருக்கவேண்டும். நீரில் மூழ்கிய ஆழிகளையும் பிளக் பொயின்ருகளையும் உலர்த்திப் பாவிக்க முற்படாமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது. மின்விசிறி, மோட்டர் போன்றவற்றின் சுருள்களைக் கழுவி, நன்கு உலர்த்தி, காப்புத் தடையை அளந்து பார்த்து, பெயாரிங்கை மாற்றினால் பெரும்பாலும் மீட்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் நிலை வேறு. அதன் சுவருக்குள் உள்ள நுரைப்பொருள் மலகூட நீர் கலந்த வெள்ளத்தை உறிஞ்சியிருந்தால், இயந்திரம் ஓடினாலும் அதற்குள் உணவு வைப்பது உகந்ததல்ல. இத்தகைய தீர்மானங்களைத் தனித்தனியாக எடுக்கும் அறிவும் வசதியும் எல்லாக் குடும்பங்களுக்கும் இருக்காது. எனவே அனர்த்தத்தின் பின் துப்புரவுக் கொடுப்பனவு வழங்கப்படும்போது, ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவுக்கும் தகுதியுள்ள மின்னியலாளர் குழுவொன்றையும் அனுப்பிவைப்பது நிவாரணத்தின் ஓர் அங்கமாக ஆக்கப்படவேண்டும் என்பதே எமது கோரிக்கையாகும்.

திருத்துவதா, மாற்றுவதா என்ற கேள்வி எமது மக்களுக்குப் புதியதன்று. 1990களின் முற்பகுதியில் யாழ். குடாநாட்டில் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய வருடங்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் எம்மிடையே உள்ளது. பற்றரி கிடைக்காத ஊரில் எதையும் எறிந்துவிட முடியாது. அந்த நாட்களை மீண்டும் விரும்புவோர் எவருமில்லை. ஆயினும் அன்று கட்டாயத்தால் வளர்ந்த கைத்திறன் சமாதான நாட்களில் கவனிப்பாரற்றுப் போனது. 2009இன் பின்னர் ஏ–9 வீதி வழியாக வந்த கடைகள் தவணை முறையில் எல்லாவற்றையும் வீட்டு வாசலில் இறக்கின. பழுதடைந்தால் திருத்துவது என்ற எண்ணமே மங்கியது.

பின்னர் நாடு முழுவதற்கும் பாடம் புகட்டப்பட்டது. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, வீட்டு உபகரணங்கள் உட்பட 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு நூறு வீதக் காசு வைப்பைக் கட்டாயமாக்கியது. 2022இன் முற்பகுதியில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை சென்றது. அவ்வருடம் ஓகஸ்டில் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. அன்று புதியதை வாங்க எண்ணியவர்களும் திருத்துநரின் வாசலில் வரிசையில் நிற்க நேர்ந்தது. திருத்துநரிடம் கை இருந்தது, உதிரிப் பாகம் இருக்கவில்லை. இரண்டு பழைய இயந்திரங்களைக் கழற்றி ஒன்றாக்கிக் கொடுத்த காலம் அது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டுவிட்டன. விலை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இவ்விடயத்தில் ஒரு சுலபமான விதியைக் கூறுவதுண்டு. திருத்தச் செலவு புதிய பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் திருத்தாதே என்பதே அது. இவ்விதி எமக்கு அப்படியே பொருந்தும் என நாம் கருதவில்லை. மேலை நாடுகளில் திருத்துநரின் ஒரு மணித்தியாலக் கூலியே புதிய பொருளொன்றின் விலையை நெருங்கிவிடும். எமது நாட்டில் கூலி ஒப்பீட்டளவில் மலிவு, பொருளும் பாகமுமே விலை கூடியவை. ஆகவே கைவேலை அதிகமாகவும் பாகம் குறைவாகவும் தேவைப்படும் திருத்தங்கள் எமக்குப் பெரும்பாலும் இலாபகரமானவை. கொம்பிரசர், இலத்திரனியல் பலகை போன்ற முழுப் பாகத்தையும் வெளியிலிருந்து வாங்கவேண்டிய திருத்தங்களில்தான் நிதானம் தேவை. பழைய பொருள் நாளாந்தம் எவ்வளவு மின்சாரத்தை உண்கின்றது, உயிருக்கு ஆபத்தை விளைவிக்குமா என்ற இரண்டையும் அந்தப் பாதி விலை விதி கேட்பதேயில்லை.

மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். மெதுவாகச் சுற்றுகின்றது என்று கழற்றி எறியப்படும் விசிறிகளில் பல, கெபாசிட்டர் என்ற சிறு பாகம் வலுவிழந்தவை மட்டுமே. அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். சுருள் எரிந்துவிட்டால் மீளச் சுற்றலாம். ஆனால் இங்கே ஒரு கணக்கு உள்ளது. 75 வாற் விசிறியொன்று நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 27 அலகு செலவாகும். அண்மைக் காலத்தில் சந்தைக்கு வந்துள்ள 35 வாற் விசிறிக்கு 13 அலகுக்கும் குறைவாகவே செல்லும். ஒரு விசிறிக்கு மாதம் 14 அலகு மிச்சம். எனவே படுக்கையறையில் இரவு முழுவதும் ஓடும் விசிறியின் சுருள் எரிந்தால் மாற்றுவது புத்தி. விருந்தினர் வரும்போது மட்டும் போடப்படும் முன்மண்டப விசிறியைத் திருத்துவதே புத்தி. பொருள் ஒன்றுதான், ஓடும் நேரமே விடையை மாற்றுகின்றது.

குளிர்சாதனப் பெட்டி இதைவிடச் சிக்கலானது. குளிர் போதாது என்றவுடன் ‘காஸ் இறங்கிவிட்டது’ என்று கூறிப் பணம் பெறுவோர் உளர். மூடிய சுற்றில் ஓடும் வாயு கசிவு இல்லாமல் தானாகக் குறைவதில்லை. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் சில மாதங்களில் மீண்டும் அதே கதைதான். அதற்கு முன் வீட்டினரே செய்து பார்க்கக்கூடிய சில பரிசோதனைகள் உள்ளன. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கவேண்டும். தாள் தடையின்றி வழுக்கி வந்தால் கதவு இறப்பர் தளர்ந்துள்ளது என்பது பொருள். பின்புறக் குழாய்களில் படிந்த ஒட்டறையைத் தட்டி, சுவரிலிருந்து பெட்டியைச் சற்று முன்னே இழுத்து வைத்தாலே பல பெட்டிகள் குணமடைகின்றன. காத்தான்குடி, மன்னார், வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றினால் அடித்தகடு துருவேறுவது வழமை. வெளித்தகட்டின் துருவைச் சுரண்டி வர்ணம் பூசலாம். உள்ளே குழாய் துருவேறிக் கசிந்தால் அந்தப் பெட்டியின் ஆயுள் ஏறக்குறைய முடிந்தது எனலாம். இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் வாயுவே நிரப்பப்பட்டுள்ளது. பழைய பழக்கத்தில் அதன் குழாயில் தீச்சுவாலையை வைத்து ஒட்டவைக்க முனைவது மிகவும் ஆபத்தானது. திருத்த வருபவரிடம் இதற்கான பயிற்சி உண்டா என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை.

பழைய பெட்டி உண்ணும் மின்சாரத்தை அறிய விசேட கருவி எதுவும் வேண்டியதில்லை. வீட்டினர் வெளியூர் செல்லும் ஒரு நாளில் ஏனையவற்றை நிறுத்தி, பெட்டியை மட்டும் ஓடவிட்டு, புறப்படும்போதும் 24 மணித்தியாலத்தின் பின்னும் மின்மானியின் வாசிப்பைக் குறித்துக்கொண்டால் போதும். நாளொன்றுக்கு 2 அலகு ஓடினால் மாதத்துக்கு 60 அலகு. எமது மின்கட்டண முறையில் 60 என்பது சாதாரண எண் அல்ல. 2025 ஜூன் கட்டணத் திருத்தத்திலும், 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு படிமுறையும், அதைத் தாண்டும் வீட்டுக்கு முதலாவது அலகிலிருந்தே கூடிய இன்னொரு படிமுறையும் என்ற அமைப்பே தொடர்ந்தது. சில சிறு குடும்பங்களை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடுவது அவர்களது பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றேயாகும். அப்பெட்டிக்குப் பதிலாக நாளொன்றுக்கு ஓர் அலகுடன் அமையும் பெட்டி வந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 360 அலகு மிச்சமாகும். அலகு 40 ரூபா என்று வைத்துக்கொண்டால் அது 14,400 ரூபா. அலகு 10 ரூபா என்றால் 3,600 ரூபா மட்டுமே. ஆகவே மின்பட்டியலின் உச்சப் படியில் நிற்கும் வீட்டுக்கு மாற்றுவது இலாபமாகவும், கீழ்ப்படியில் நிற்கும் வீட்டுக்கு அதே பெட்டியைத் திருத்துவது இலாபமாகவும் அமையலாம். கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே ஆலோசனையையே கூறுவார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்ட மின்கட்டணம், பின்னர் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைக்கப்பட்டு, ஜூனில் மீண்டும் 15 வீதம் கூட்டப்பட்டது. இத்தகைய தளம்பலில் ‘இத்தனை மாதத்தில் விலை திரும்பிவிடும்’ என்ற விளம்பரக் கணக்கை நம்புவதற்கில்லை. கட்டணத்துக்கு அப்பால் மின்வெட்டும் ஒரு காரணியே. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் மீளும் கணத்தில் ஏற்படும் அழுத்தத் தளம்பல் கொம்பிரசரையும் இலத்திரனியல் பலகையையும் தாக்கக்கூடியது. தடைப்பட்டவுடன் பிளக்கைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து சில நிமிடம் கழித்துப் பொருத்துவதற்குச் செலவு எதுவுமில்லை.

மாற்றுவது என்று தீர்மானித்தவர் பணத்தை எங்கிருந்து எடுப்பது? இந்த இடத்தில்தான் குடும்பங்கள் விழுகின்றன. தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு என்று பண்டிகைக்கொரு தள்ளுபடி அறிவிக்கப்படுகின்றது. தவணைப் பணத்தின் மாதத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும், மொத்தத் தொகை கண்ணுக்கு எட்டாது. மாதத் தொகையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டி, காசுக்கு வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திடவேண்டும். கடனின் சுமையை எமது மாகாணங்களின் பெண்கள் அனுபவித்து அறிந்துள்ளனர். வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசே ஏற்றுத் தள்ளுபடி செய்யவேண்டிய நிலை உருவானது. ஒரு வாரக் கைச்செலவில் திருத்தக்கூடிய மோட்டருக்காக அத்தகைய கடனில் இன்னொரு முறை இறங்குவது வேதனைக்குரியதாகும். எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறவேண்டும். 2003ஆம் வருடத்தின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதை வழங்கும் கடமையை வர்த்தகர் மீது சுமத்தியுள்ளது. பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

இவ்வளவையும் குடும்பத்தின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. உதிரிப் பாகம் கிடைக்காத, கிடைத்தாலும் பொருளின் விலையில் பெரும் பங்கைக் கேட்கின்ற ஒரு சந்தையில் திருத்துங்கள் என்று உபதேசிப்பதில் பயனில்லை. 2021இல் பிரான்ஸ், ஒரு பொருளைத் திருத்துவது எவ்வளவு இலகு என்பதைப் பத்துக்கு இத்தனை புள்ளி என்று கடையிலேயே காட்டவேண்டும் எனச் சில உபகரணங்களுக்குக் கட்டாயமாக்கியது. 2022இல் ஒஸ்திரியா, மின் உபகரணங்களின் திருத்தச் செலவில் பாதியை 200 யூரோ வரை அரசு ஏற்கும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அயலிலுள்ள இந்தியா அதே வருட டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய பணிப்புரை, உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை நியாயமான விலையில் திருத்திக் கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர் மீது சுமத்தி, 2026 ஜூலை 31ஐ அதன் அமுலாக்கத் திகதியாக நிர்ணயித்தது.

இவற்றை அப்படியே பெயர்த்து நடவேண்டும் என்று நாம் கூறவில்லை. எமது சந்தை சிறியது, உற்பத்தியாளர்கள் கடல் கடந்து இருப்பவர்கள். ஆனால் இறக்குமதியாளர்கள் இங்கேயே உள்ளனர். விற்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் குறிப்பிட்ட வருடங்களுக்கு உதிரிப் பாகங்களை இருப்பில் வைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையை அவர்களுக்கு விதிப்பதில் என்ன தடை உள்ளது? 2024 ஜனவரி முதல் 18 வீதமாகிய பெறுமதி சேர் வரி உதிரிப் பாகத்தின் மீதும் விழுகின்றது. ஒரு கொம்பிரசரை இறக்குமதி செய்வதால் வெளியேறும் டொலர் முழுப் பெட்டியை இறக்குமதி செய்வதால் வெளியேறும் டொலரிலும் குறைவு என்பதை அறிய பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை. 2022இல் டொலருக்காக அலைந்த நாடு, பாகத்தையும் பொருளையும் ஒரே கண்ணால் பார்ப்பது விசித்திரமானது.

திருத்துவதற்கு ஆட்கள் வேண்டும் என்பது இதைவிடக் கடினமான பகுதி. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழில் தேடி வெளிநாடு சென்றனர். குளிரூட்டல் தொழில்நுட்பமும் மின்னிணைப்பும் தெரிந்த இளைஞருக்கு வளைகுடாவில் கிடைக்கும் சம்பளத்தை இங்குள்ள சந்தியோரக் கடையால் கொடுக்க முடியாது. தொழிற்பயிற்சி நிலையங்களும் 2016இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்றவையும் ஆட்களை உருவாக்குகின்றன. சான்றிதழ் பெற்றவர் ஊரில் கடை திறக்கச் சிறு கடனும் கருவிகளும் கிடைத்தால், அவர்களுள் சிலராவது தங்கக்கூடும். சான்றிதழ் இல்லாமலே முப்பது வருடம் கைபழகிய மூத்த திருத்துநர்களையும் இங்கே மறந்துவிடலாகாது. அவர்களது அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் ஏற்பாடு தேசிய தொழிற் தகைமை முறையில் ஏற்கனவே உள்ளது. அதைப் பற்றி அவர்களிடம் தமிழில் எடுத்துச்சொல்ல ஆளில்லை என்பதே குறை.

திருத்தவே முடியாதவை எங்கே போகும் என்பதற்கும் பதில் வேண்டும். இலத்திரனியல் கழிவைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்கள் உள்ளன. ஆனால் ஊருக்கு வரும் பழைய இரும்பு வியாபாரி செம்பையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு நுரையையும் பிளாஸ்ரிக்கையும் வாய்க்காலோரம் விட்டுச் செல்வதே வழமையாகவுள்ளது. அவரைக் குறைகூறிப் பயனில்லை, மிகுதியை ஏற்றுக்கொள்ள ஓர் இடம் இருந்தால் அவரே கொண்டுசென்று கொடுப்பார். மாநகர, நகர, பிரதேச சபைகள் மாரிக்கு முந்திய மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, வட்டாரம் வட்டாரமாக உழவு இயந்திரத்தை அனுப்பி இவற்றைச் சேகரிக்கலாம். வாய்க்கால் துப்புரவும் டெங்கு ஒழிப்பும் அதே வாரத்தில் நடந்தால் செலவும் மிச்சமாகும். வடக்கு, கிழக்கு சபைகள் இதற்கான தீர்மானத்தை ஓகஸ்ட் மாத அமர்விலேயே நிறைவேற்றினால்தான் செப்டெம்பரில் வாகனம் தெருவுக்கு வரும். ஒக்டோபர் அமர்வுக்கு விட்டால், அந்த வாகனம் சேகரிக்க வருவது வெள்ளத்தில் மிதந்துவந்த பெட்டிகளையாகவே இருக்கும்.